காட்ஃபாதரில் சுடப்படும் அந்த போலீஸ் கேப்டன்: ஸ்டெர்லிங் ஹேடனின் கதை

கேள்வி: "தி காட்ஃபாதர்" படத்தில் உணவகத்தில் வைத்து அல் பசினோ சுட்டுக்கொல்வாரே, அந்த போலீஸ் கேப்டனாக நடித்தவர் ஒரு காலத்தில் ஹீரோவாக இருந்தவராமே? அவர் யார்? ஏன் பெரிய நட்சத்திரமாக நிலைக்கவில்லை?

அவர் பெயர் ஸ்டெர்லிங் ஹேடன். 1940களின் தொடக்கத்தில் "திரையுலகின் மிக அழகான ஆண்" என்று பாரமவுண்ட் நிறுவனம் விளம்பரம் செய்து விற்ற ஆள். காட்ஃபாதர் வெளியான 1972இல் அவருக்கு வயது 56.

நட்சத்திரமாக நிலைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்படவே இல்லை என்பது முதல் காரணம். அவருக்குக் கடல் வேண்டும், பாய்மரக் கப்பல் வேண்டும். கப்பல் வாங்கவும் ஓட்டவும் பணம் வேண்டும். நடிப்பு அந்தப் பணத்துக்கான வேலை. இரண்டாவது காரணம் 1951 ஏப்ரல் 10 அன்று வாஷிங்டனில் நடந்தது. அன்று அவர் செய்த காரியம் அவருடைய வேலையைக் காப்பாற்றியது, நிம்மதியைப் பறித்துவிட்டது. அதற்குப் பின்னால் அவர் நடித்த நல்ல படங்களை எல்லாம் அந்த நாளை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் வேறு மாதிரி தெரிகின்றன.

தனக்கு நடிக்கத் தெரியாது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் கேட்ட அந்தக் காட்சியையே மறுபடி போட்டுப் பாருங்கள். காரில் மைக்கேலிடம் (அல் பசினோ) "அன்றைக்கு நடந்ததற்கு மன்னித்துக்கொள், எனக்கு வயசாகிவிட்டது, சிடுசிடுப்பு கூடிவிட்டது" என்ற தோரணையில் சமாதானம் சொல்லிவிட்டு, உடனே அவனைச் சோதனை போடுவார். உணவகத்தில் உட்கார்ந்ததும் அவருக்கு முதலில் வரும் கவலை, இங்கே இத்தாலியச் சாப்பாடு எப்படி இருக்கும் என்பதுதான். கன்றுக்கறி நன்றாக இருக்கும் என்று கூட வந்த போதைப்பொருள் வியாபாரி சொலோசோ சொன்னதும் அதையே கேட்கிறார். பக்கத்தில் இரண்டு பேர் இத்தாலிய மொழியில் உயிர் போகும் விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்க, இவர் கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். முதல் குண்டு சொலோசோவுக்கு. அடுத்தது இவர் தொண்டையில். அப்போதும் முள்கரண்டி கையில் இருக்கிறது. வாயில் இருந்ததை விழுங்குவதா மூச்சு விடுவதா என்று திண்டாடுகிற முகம். கெட்ட போலீஸ்காரனாக நடிக்க எத்தனையோ பேரால் முடியும். தன் பாட்டுக்குச் சாப்பிடுகிற கெட்ட போலீஸ்காரனாக நடிக்க இவரால்தான் முடிந்தது.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

1916 மார்ச் 26 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் அப்பர் மான்ட்கிளேரில் பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் ஸ்டெர்லிங் ரெல்யே வால்டர். ஒன்பது வயதில் அப்பா இறந்துபோனார். அம்மா மறுமணம் செய்துகொள்ள, மாற்றாந்தந்தை ஜேம்ஸ் ஹேடன் பையனைத் தத்தெடுத்துத் தன் குடும்பப் பெயரைக் கொடுத்தார். குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் பல ஊர்களில் வளர்ந்த பையனுக்குப் படிப்பு ஒட்டவில்லை, கடல் ஒட்டிக்கொண்டது. பதினாறு பதினேழு வயதில் பள்ளியை விட்டுவிட்டுப் பாய்மரக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார்.

அடுத்த சில ஆண்டுகள் பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். கரையில் இருந்தவர்களுக்கு வேலை இல்லை. இவர் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய கிராண்ட் பேங்க்ஸ் மீன்பிடிக் கடலில் வேலை பார்த்தார். அப்புறம் கேப்டன் இர்விங் ஜான்சனின் "யாங்கி" என்ற பாய்மரக் கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்தார். 22 வயதில், மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்திலிருந்து டஹீட்டி தீவு வரை ஒரு பாய்க்கப்பலைத் தலைமை மாலுமியாக இருந்து ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். 22 வயதுப் பையனை நம்பி ஒரு கப்பலைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அவர் எப்படிப்பட்ட மாலுமி என்று புரியும். கப்பல் தொழிலில் அவருக்கு யாருடைய சான்றிதழும் தேவைப்படவில்லை. சினிமாவில் கடைசிவரை அந்தத் தன்னம்பிக்கை அவருக்கு வரவில்லை.

சினிமாவுக்குள் அவரை இழுத்ததும் கப்பல்தான். 1938இல் குளோஸ்டரின் "கெர்ட்ரூட் எல். தீபோ"வுக்கும் கனடாவின் புகழ்பெற்ற "புளூநோஸ்" கப்பலுக்கும் மீனவர் பந்தயம் நடந்தது. தீபோவின் குழுவில் ஹேடன் இருந்தார். ஆறடி ஐந்து அங்குல உயரம், வெயிலில் வெளுத்த பொன்னிற முடி. இந்த மீனவனைப் பார்த்தால் சினிமா ஹீரோ மாதிரி இருக்கிறானே என்று பத்திரிகையில் படத்தோடு போட்டுவிட்டார்கள். கப்பல் வாங்கக் காசில்லாமல் இருந்த சமயத்தில் அந்த வழி திறந்தது. 1940இல் பாரமவுண்டுடன் ஒப்பந்தம் ஆனது. நாடகம் தெரியாது, பயிற்சி கிடையாது, மேடை ஏறியதே கிடையாது.

1941இல் இரண்டு படங்கள் வந்தன. "வெர்ஜீனியா", அடுத்தது "பஹாமா பாஸேஜ்". இரண்டிலும் ஜோடி மேடலின் கரோல். இங்கிலாந்தில் பிறந்த அவர் அப்போது ஹாலிவுட்டில் முன்னணி நடிகை. இந்தப் படங்களில் ஹேடனைப் பார்த்தால், உயரமான ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திக் கையை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அழகு இருந்தது, விளம்பரம் இருந்தது. "பொன்முடி வைக்கிங் கடவுள்" என்றெல்லாம் எழுதினார்கள். இதையெல்லாம் நினைத்து அவர் கூசிப்போயிருந்தார்.

இந்த இடத்தில்தான் அவர் மற்ற நடிகர்களிடமிருந்து பிரிகிறார். இரண்டு படம் வந்து பெயர் கிடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஹாலிவுட்டை விட்டுப் போய்விட்டார். ஸ்காட்லாந்தில் கமாண்டோ பயிற்சிக்குப் போனார், பாராசூட்டில் குதித்துக் காயப்பட்டுத் திரும்பினார். 1942இல் மேடலின் கரோலைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு அமெரிக்க மரைன் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். நடிகன் என்று யாரும் சலுகை காட்டக் கூடாது என்பதற்காகச் சட்டப்படி பெயரையே ஜான் ஹாமில்டன் என்று மாற்றிக்கொண்டார். கரோலும் சும்மா இருக்கவில்லை. லண்டன் மீது நடந்த ஜெர்மன் குண்டுவீச்சில் அவருடைய தங்கை இறந்திருந்தார். அவர் நடிப்பை நிறுத்திவிட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, இத்தாலியில் காயப்பட்ட சிப்பாய்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார். இருவரும் போரின் இரண்டு மூலைகளில் இருந்தார்கள். 1946இல் விவாகரத்து ஆனது.

அதிகாரியாகப் பதவி உயர்ந்த "ஹாமில்டன்", பின்னாளில் சிஐஏவுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ஓஎஸ்எஸ் உளவு அமைப்புக்கு அனுப்பப்பட்டார். இத்தாலியின் மொனோபோலி துறைமுகத்திலிருந்து ஏட்ரியாட்டிக் கடலைத் தாண்டி, ஜெர்மானியர்களை எதிர்த்துப் போராடிய யுகோஸ்லாவியக் கொரில்லாக்களுக்கு ஆயுதமும் மருந்தும் உணவும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. ஜெர்மன் ரோந்தின் கண்ணில் படாமல் இருட்டில் பாய்மரப் படகில் போய்விட்டு வர வேண்டும். அதற்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? அமெரிக்கா வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கொடுத்தது, கொரில்லாத் தலைவர் டிட்டோவிடமிருந்தும் பாராட்டு வந்தது. 1945 இறுதியில் கேப்டன் பதவியோடு படையிலிருந்து வெளியே வந்தார்.

அந்தக் கொரில்லாக்கள் கம்யூனிஸ்டுகள். பசியோடும் செருப்பில்லாத காலோடும் சண்டை போட்ட அந்த மனிதர்கள் அவரை மிகவும் பாதித்துவிட்டார்கள். ஹாலிவுட்டுக்குத் திரும்பியதும், 1946இல் சுமார் ஆறு மாதம் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தார். கூட்டங்களுக்குப் போனார், கட்சிக்காரர்களின் நீண்ட தத்துவப் பேச்சு பிடிபடவில்லை, ஆண்டு முடிவதற்குள் விலகிவிட்டார். அவ்வளவுதான். அந்த ஆறு மாதம்தான் பின்னால் தேடிக்கொண்டு வந்தது.

1947இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடத் தொடங்கியது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் சிறைக்குப் போனார்கள். ஆரம்பத்தில் அந்தக் குழுவை எதிர்த்து ஜான் ஹஸ்டன், வில்லியம் வைலர் போன்ற இயக்குநர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஹம்ஃப்ரி போகார்ட் போன்றவர்களோடு ஹேடனும் அதில் நின்றார். ஆனால் காற்று திசை மாறியது, ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

இதற்கிடையே அவருடைய முதல் பெரிய படம் வந்தது. 1950இல் ஜான் ஹஸ்டன் இயக்கிய "தி ஆஸ்பால்ட் ஜங்கிள்". நகைக்கடைக் கொள்ளைக் கதை. ஹேடனின் பாத்திரம் டிக்ஸ் ஹேண்ட்லி என்ற அடியாள். கிடைக்கிற பணத்தையெல்லாம் குதிரைப் பந்தயத்தில் விடுகிறவன். ஏன் என்று கேட்டால், கென்டக்கியில் அப்பா காலத்தில் கைவிட்டுப் போன பண்ணையைத் திரும்ப வாங்க வேண்டும். அங்கே ஒரு கறுப்புக் குதிரைக்குட்டி இருந்தது, முதலில் அந்த ஊர் ஆற்றில் இறங்கிக் குளித்து இந்த நகரத்து அழுக்கைக் கழுவ வேண்டும் என்று தன்னைச் சுற்றி வரும் பெண்ணிடம் சொல்வான். மென்மையாகப் பேசும் காட்சி என்று எடுத்துக்கொண்டால் அது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் உடைந்த பல்லால் கடிப்பது போல வார்த்தையைத் துப்புவார்.

இறுதியில் வயிற்றில் குண்டோடு காரை ஓட்டிக்கொண்டு கென்டக்கிக்குப் போகிறான். வழியில் பார்க்கும் மருத்துவர், ஒரு கோழியை உயிரோடு வைத்திருக்கக்கூட இவன் உடம்பில் ரத்தம் மிச்சமில்லை என்கிறார். டிக்ஸ் எழுந்து ஓடிவிடுகிறான். பண்ணை வந்ததும் காரிலிருந்து இறங்கித் தள்ளாடிப் புல்வெளியில் விழுகிறான். குதிரைகள் மெல்ல வந்து அவனை முகர்ந்து பார்க்கின்றன. அந்த ஓட்டத்தை நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர் திரும்பத் துடிக்கிற ஒருவனின் கால்கள் அவை. பண்ணைக்குப் பதில் கப்பல் என்று வைத்துக்கொண்டால் டிக்ஸ்தான் ஹேடன். வேறு எந்த நடிகர் செய்திருந்தாலும் டிக்ஸ் வெறும் முரடனாகத்தான் தெரிந்திருப்பான்.

படம் வந்து நல்ல பெயர் கிடைத்த அதே சமயத்தில் கொரியப் போர் தொடங்கியது. பயம் எல்லோரையும் பிடித்துக்கொண்டது. ஹேடனுக்கு அப்போது குழந்தைகள் இருந்தார்கள், இரண்டாவது திருமணம் ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. கட்சியில் இருந்ததைத் தானாகவே சொல்லிவிடலாம் என்று வழக்கறிஞர் மூலம் எஃப்பிஐக்குத் தெரிவித்தார். அது அங்கேயே முடியவில்லை. விசாரணைக் குழு கூப்பிட்டது. 1951 ஏப்ரல் 10 அன்று சாட்சி சொன்னார். கட்சியில் சேர்ந்தது தன் வாழ்க்கையிலேயே மிக முட்டாள்தனமான காரியம் என்றார். பிறகு, கட்சியில் தன்னோடு இருந்தவர்களின் பெயர்களைச் சொன்னார். அவர்களில் ஒருவர் அவருக்கு மிக நெருக்கமாக இருந்த ஒரு பெண்.

பெயர் சொல்லப்பட்டவர்களுக்கு ஸ்டுடியோக் கதவுகள் மூடின. பெயர் சொன்னவருக்கு வாய்ப்புகள் குவிந்தன. பத்திரிகைகள் அவரைத் தேசபக்தர் என்று புகழ்ந்தன. அவர் அந்தப் புகழை ஒரு நாள்கூட ரசிக்கவில்லை. அப்படிப் பெயர் சொன்னவர்கள் பலர். இயக்குநர் எலியா கசான் அதை நியாயப்படுத்திப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். பலர் பேசாமல் இருந்துவிட்டார்கள். தான் செய்தது கேவலம் என்று வாய்விட்டு, அச்சில், திரும்பத் திரும்பச் சொன்னவர்களில் ஹேடன் முதன்மையானவர். 1963இல் வந்த தன்வரலாற்று நூலில், அந்த நாளிலிருந்து தன் மீதே தனக்கு எவ்வளவு வெறுப்பு என்பது யாருக்கும் புரியாது என்று எழுதினார். முப்பது ஆண்டு கழித்துக் கேமரா முன்னால் பேசும்போதும் அந்தப் பேச்சு வந்தால் குரல் உடையும்.

இதை வைத்து அவரை மன்னிக்கலாமா என்று கேட்டால், மன்னிக்கும் உரிமை வேலை இழந்தவர்களுக்குத்தான் உண்டு. ஆனால் தனக்கு எந்தச் சாக்கும் தேடிக்கொள்ளாத அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

1950களில் அவர் நடித்துத் தள்ளினார். 1954இல் மட்டும் அரை டஜன் படங்கள். பெரும்பாலானவை மறந்துவிடக்கூடிய கௌபாய் படங்களும் போர்ப் படங்களும். "பிரின்ஸ் வேலியன்ட்" என்ற அரசர் காலத்துப் படத்தில் பொய்முடியோடு வருவார், அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் இந்தக் குவியலுக்குள் சில வைரங்கள் உண்டு. "க்ரைம் வேவ்" படத்தில் சிகரெட்டை விட முயன்று பல்குத்தியைக் கடித்துக்கொண்டே திரியும் போலீஸ் துப்பறிவாளர். "சடன்லி"யில் அமெரிக்க அதிபரைக் கொல்ல வரும் ஃபிராங்க் சினாட்ராவோடு ஒரே வீட்டில் அடைபட்டுக்கிடக்கும் ஷெரிஃப். நிக்கோலஸ் ரே இயக்கிய "ஜானி கிட்டார்" அப்போது அமெரிக்க விமர்சகர்களிடம் அடி வாங்கியது, பிரெஞ்சு விமர்சகர்கள் தூக்கிக் கொண்டாடினார்கள். படத்தின் பெயரே அவருடைய பாத்திரத்தின் பெயர், ஆனால் அது நடிகை ஜோன் கிராஃபோர்டின் படம். படப்பிடிப்பில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. எத்தனை பணம் கொடுத்தாலும் இனி அவரோடு நடிக்க மாட்டேன் என்று ஹேடன் பின்னால் வெளிப்படையாகச் சொன்னார்.

1956இல் ஸ்டான்லி குப்ரிக் வந்தார். இருபதுகளின் பிற்பாதியில் இருந்த, இன்னும் பெயர் கிடைக்காத இயக்குநர். "தி கில்லிங்" படத்துக்கான மொத்தச் செலவு சுமார் 3,20,000 டாலர். அதில் ஹேடனின் சம்பளம் 40,000. குதிரைப் பந்தய மைதானத்தின் பணத்தைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடும் ஜானி கிளே என்ற பாத்திரம். ஒரே நாளை வெவ்வேறு ஆட்களின் பக்கமிருந்து முன்னும் பின்னுமாகச் சொல்லும் கதை. இப்படிக் காலத்தைக் கலைத்துப் போட்டுச் சொல்லும் குற்றப் படங்கள் பிற்பாடு எத்தனையோ வந்துவிட்டன. இப்போது பார்த்தாலும் இது பழசாகத் தெரியவில்லை.

இறுதியில் விமான நிலையக் காட்சி. கொள்ளையடித்த பணம் முழுவதும் பழைய பெட்டி ஒன்றில் இருக்கிறது. கையோடு எடுத்துப்போக விமான நிறுவனத்தார் விடவில்லை, சரக்கோடு போடச் சொல்கிறார்கள். ஜானி வாதாடிப் பார்த்துவிட்டு வேறு வழியில்லாமல் கொடுக்கிறான். ஒரு பெண்மணியின் நாய்க்குட்டி ஓடுபாதையில் குதித்து ஓட, பெட்டிகளை ஏற்றிவரும் வண்டி சட்டென்று திரும்புகிறது, அந்தப் பெட்டி சரிந்து விழுந்து திறந்துகொள்கிறது. விமானத்தின் விசிறிக் காற்றில் நோட்டுகள் அத்தனையும் பறக்கின்றன. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஹேடனின் முகத்தைப் பாருங்கள். அலறவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. எதிர்பார்த்ததுதான் என்பது போல ஒரு பார்வை. ஓடு ஓடு என்று காதலி அவசரப்படுத்துகிறாள். ஓடி மட்டும் என்ன ஆகப்போகிறது என்று கேட்டுவிட்டு நிற்கிறான். ஏற்கெனவே ஒரு முறை தோற்றுப் போனவன் மட்டுமே அந்த வரியை அவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு படத்தையும் சொல்ல வேண்டும். 1958இல் வந்த "டெரர் இன் எ டெக்சாஸ் டவுன்". ஸ்வீடன் நாட்டுத் திமிங்கல வேட்டைக்காரன் ஒருவன் அப்பாவைப் பார்க்க டெக்சாஸ் வருகிறான். நிலத்தடி எண்ணெய்க்காக அப்பாவைக் கொன்றுவிட்டார்கள். இறுதிச் சண்டையில் துப்பாக்கிக்காரனை எதிர்த்து இவன் கையில் எடுப்பது திமிங்கலம் குத்தும் எறியீட்டி. கதையை எழுதியவர் சிறை சென்ற அந்தப் பத்துப் பேரில் ஒருவரான டால்டன் ட்ரம்போ. அவர் பெயரைப் போட முடியாததால் வேறொருவர் பெயரில் வந்தது. வில்லனாக நடித்த நெட்ரிக் யங்கும், வேலை கொடுக்கக் கூடாது என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்த தடைப்பட்டியலில் இருந்தவர். பெயர் சொன்னவரும் சொல்லப்பட்ட பக்கத்தினரும் ஒரே சின்னப் படத்தில் சேர்ந்திருக்கிறார்கள். அக்கிரமக்காரனுக்கு எதிராக வாய் திறக்க ஊரே பயந்து நடுங்கும் கதை அது. ஹேடன் அந்தப் படத்தை ஒப்புக்கொண்டதைச் சாதாரண விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்குப் பிறகு அவர் செய்தது அமெரிக்கப் பத்திரிகைகள் முழுக்க வந்தது. மனைவியோடு விவாகரத்து, குழந்தைகள் யாரிடம் என்ற வழக்கு. நான்கு பிள்ளைகள், மூத்தவனுக்கே பத்து வயது போல. அவரிடம் "வாண்டரர்" என்ற பெரிய பாய்மரக் கப்பல் இருந்தது. 1893இல் கட்டியது, ஒரு காலத்தில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் வழிகாட்டிக் கப்பலாக ஓடியது. அதில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தென்கடலுக்குப் போகக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. 1959 ஜனவரியில் தடையை மீறி நான்கு பிள்ளைகளோடும் ஒரு குழுவோடும் டஹீட்டிக்குப் பாய் விரித்துவிட்டார். வழியில் படம் எடுப்பதாகச் சொல்லி ரிபப்ளிக் நிறுவனத்திடம் பணம் வாங்கியிருந்தார், படம் எதுவும் எடுக்கவில்லை. திரும்பி வந்து வழக்கைச் சந்தித்தார், அந்தப் பணத்தைத் திருப்பித் தரும்படியும் தீர்ப்பானது.

ஒரு தாயின் பக்கமிருந்து பார்த்தால் இது கொடுமையான காரியம். அதை மறைத்துவிட்டு இதை வீரக்கதையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே நேரம், சம்பாதிப்பதும் கடன் கட்டுவதுமாகக் கரையில் மூச்சுமுட்டிக்கிடந்த ஒருவர் தனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குப் போனார் என்பதும் உண்மை. திரும்பிய பின் சான் பிரான்சிஸ்கோ அருகே சாசலிட்டோவில் ஓய்வுபெற்று நின்ற "பெர்க்லி" என்ற பழைய படகின் மாலுமி அறையை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்து எழுதினார். அதுதான் "வாண்டரர்" என்ற அந்தத் தன்வரலாறு. நடிகர்கள் எழுதும் புத்தகங்களில் பெரும்பாலும் விருந்துகளும் காதல்களும் இருக்கும். இதில் கடலும் குற்ற உணர்வும் இருக்கின்றன. வேறொருவர் எழுதிக்கொடுத்ததும் இல்லை. 1976இல் "வாயேஜ்" என்ற பெரிய நாவலும் எழுதினார்.

ஐந்தாறு ஆண்டுகள் சினிமாப் பக்கம் வராதவரைக் குப்ரிக்தான் மறுபடி கூப்பிட்டார். "டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்", 1964. ஜெனரல் ஜாக் ரிப்பர் என்ற பைத்தியக்கார விமானப்படை அதிகாரி. கம்யூனிஸ்டுகள் குடிநீரில் ஃபுளோரைடு கலந்து அமெரிக்கர்களின் உடல் திரவங்களைக் கெடுக்கிறார்கள் என்று நம்பி, சோவியத் ஒன்றியத்தின் மேல் அணுகுண்டு போட உத்தரவிடுகிறவர். படப்பிடிப்பின் முதல் நாள் ஹேடனுக்கு வசனமே வரவில்லை. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். வியர்த்து நடுங்கிக் குப்ரிக்கிடம் மன்னிப்புக் கேட்டார். உன் கண்ணில் தெரியும் இந்தப் பயம்தான் பாத்திரத்துக்கு வேண்டியதாக இருக்கலாம் என்று குப்ரிக் தைரியம் சொன்னாராம். ஹேடனே பின்னாளில் இதை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

படத்தில் கேமரா கீழேயிருந்து அவர் முகத்தைப் பார்க்கிறது. வாயில் சுருட்டு. பக்கத்தில் நடுங்கும் பீட்டர் செல்லர்ஸ். ஹேடன் ஓர் இடத்தில்கூடச் சிரிப்பு மூட்ட முயலவில்லை. மழை பெய்யுமா என்று பேசுகிற குரலில் உலக அழிவைப் பற்றிப் பேசுகிறார். அதனால்தான் அவ்வளவு சிரிப்பு வருகிறது, அவ்வளவு பயமும் வருகிறது. கம்யூனிச பீதிக்கு முன்னால் ஒரு தடவை மண்டியிட்டவர், அந்தப் பீதி ஒரு மனிதனை எப்படித் தின்னும் என்று உள்ளிருந்து காட்டினார். அந்தப் பாத்திரத்துக்கு அவரைவிடத் தகுதியானவர் ஹாலிவுட்டில் யாரும் இருந்திருக்க முடியாது.

1970களில் தாடி வளர்ந்தது, குடி அதிகமானது, கஞ்சாவும் சேர்ந்தது. நடித்தது குறைவு, ஆனால் தேர்ந்த படங்கள். 1972இல் காட்ஃபாதர். 1976இல் பெர்னார்டோ பெர்டோலுச்சியின் "1900" படத்தில் இத்தாலிய விவசாயக் குடும்பத்தின் முதியவர். இரண்டுக்கும் நடுவில் 1973இல் ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய "தி லாங் குட்பை". என் கணக்கில் அவருடைய உச்சம் அதுதான்.

அந்தப் பாத்திரம் முதலில் நடிகர் டான் பிளாக்கருக்காக வைத்தது. அவர் 1972இல் திடீரென்று இறந்துபோக, ஹேடனுக்கு வந்தது. எழுத வராமல் போய்க் குடியில் மூழ்கிக்கிடக்கும் ரோஜர் வேட் என்ற நாவலாசிரியர். வசனம் பலவும் அந்த இடத்திலேயே பேசியது. விருந்து நடந்துகொண்டிருக்கும்போது குள்ளமான ஒரு மருத்துவர் உள்ளே வந்து பணம் கேட்பார். ரோஜர் வேட் சிங்கம் மாதிரிக் கர்ஜிப்பார். அந்தக் குள்ள மனிதர் எல்லோர் முன்னாலும் பளார் என்று கன்னத்தில் ஒன்று வைப்பார். கூட்டம் உறைந்துவிடும். அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே சுருங்கும். தலை குனிந்து உள்ளே போய்க் காசோலை எழுதிக் கொடுப்பார். எனக்கு அந்தக் காட்சியில் 1951இன் விசாரணை அறைதான் தெரிகிறது. இயக்குநர் அதை நினைத்து எடுத்தாரோ இல்லையோ, அந்த முகத்துக்கு அந்த அனுபவம் இருந்தது. பிறகு ஓர் இரவு ரோஜர் வேட் கைத்தடியோடு அலைகளுக்குள் நடந்து போய்விடுவார்.

கடைசி ஆண்டுகளில் பிரான்சின் உள்நாட்டு நீர்வழியில் ஒரு பழைய சரக்குப் படகில் குடியிருந்தார். ஜெர்மானியர்கள் இருவர் அங்கே போய் எடுத்த ஆவணப்படம் 1983இல் வந்தது. நெஞ்சு வரை வெண்தாடி, பக்கத்தில் மதுப் புட்டி. குடி, எழுத்து, கடல், அந்தச் சாட்சியம் என்று எதையும் மறைக்காமல் பேசுகிறார். 1986 மே 23 அன்று புற்றுநோயால் சாசலிட்டோவில் இறந்தார். வயது 70.

இனி பார்க்கத் தொடங்குவதாக இருந்தால், காலவரிசையில் போக வேண்டாம், 1941 படங்கள் உங்களை விரட்டிவிடும். முதலில் "தி கில்லிங்", ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அது பிடித்தால் "தி ஆஸ்பால்ட் ஜங்கிள்". அதற்கடுத்து "டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்". "தி லாங் குட்பை"யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முந்தைய மூன்றையும் பார்த்தவர்களுக்கு அது இன்னும் வலிக்கும். ஆங்கிலம் படிப்பீர்கள் என்றால் "வாண்டரர்" புத்தகத்தையும் தேடிப் பிடியுங்கள்.